ஒரே ராத்திரியில் ஆள் மாறிவிட்டாரே, ஏன்?: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது, நல்லபடியாக முடிந்தது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் இரண்டாவது நாள் ராத்திரியிலிருந்து ஆளே மாறிவிட்டார். எப்போதோ இறந்துபோன தன் அண்ணனோடு பேசுகிறார், கையில் இருக்கிற ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார், என்னைப் பார்த்து "நீ யாருப்பா?" என்கிறார். காலையில் கொஞ்சம் தெளிகிறார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். மறதி நோய் வந்துவிட்டதா?

பதில்: மறதி நோய் இப்படி ஒரே ராத்திரியில் வராது. அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. திடீரென்று ஆரம்பித்து, காலையில் தெளிந்து, பொழுது சாய்ந்ததும் மோசமாகி, சொல்வதைக் கவனிக்கவே முடியாமல் போகிறது என்றால் பெரும்பாலும் அது டெலிரியம், அதாவது உடம்பில் ஏதோ கோளாறால் திடீரென்று வருகிற மனக்குழப்பம். அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும்: சிறுநீரில் கிருமி, சிறுநீர் வெளியேறாமல் தேங்கியிருப்பது, நாலைந்து நாளாக மலம் போகாதது, அடங்காத வலி, ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகக் கொடுத்த தூக்க மருந்து, இப்படி. அதனால் வயசு என்ற பதிலை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். டூட்டி நர்ஸிடமும் டாக்டரிடமும் "போன வாரம் வரை இவர் இப்படி இல்லை, கணக்கு வழக்கெல்லாம் இவர்தான் பார்த்தார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் அப்பாவை நோயாளியாக மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், பழைய அப்பாவைத் தெரிந்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1999-ல் ஷாரன் இனூயி என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, தனிக் கவனிப்பு கிடைத்தவர்களில் 9.9 சதவீதம். அந்தத் தனிக் கவனிப்பில் புது மருந்து எதுவும் கிடையாது. இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று அடிக்கடி சொல்வது, கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, முடிந்தவரை எழுப்பி நடக்க வைப்பது, ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து முதுகைத் தடவிவிடுவது, அவ்வளவுதான். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற குடும்பங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்! பாதி தெரியாமல் பாதி கேட்காமல் புது இடத்தில் படுத்திருந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

டெலிரியம் வந்தபிறகு அதன் தீவிரத்தை அந்தக் கவனிப்பு பெரிதாகக் குறைக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. வந்தபிறகு காரணத்தைத் தேடிச் சரிசெய்வதுதான் முக்கியம். ஆனாலும் மேலே சொன்னதையெல்லாம் விடாமல் செய்யுங்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. அண்ணனைப் பற்றிப் பேசினால் "அவர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு" என்று வாதாட வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கையைக் கட்டிப்போட அவசரப்பட வேண்டாம், கட்டினால் மிரட்சி கூடும். ஒருவேளை நாளைக்குச் சத்தமே இல்லாமல் தூங்கித் தூங்கி விழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அமைதியான டெலிரியமும் உண்டு, அதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். பலருக்குச் சில நாளிலோ சில வாரத்திலோ தெளிந்துவிடும், சிலருக்கு நாள் பிடிக்கும். வீட்டுக்கு வந்தபிறகு ஞாபகசக்தியை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது, பேச்சே இல்லை. காலையில் குளிப்பாட்டி உடை மாற்றும்போது மட்டும் கத்துகிறார், அடிக்கவும் வருகிறார். மற்ற நேரத்தில் சாதுவாக இருக்கிறார். பிடிவாதமா, கோபமா?

பதில்: வலியாக இருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் வலிக்கிறது, அதற்குமேல் சாட்சி தேவையில்லை என்பதை 1968-லேயே மார்கோ மெக்காஃப்ரி என்ற நர்ஸ் அடித்துச் சொல்லிவிட்டார். ஆனால் சொல்லவே முடியாதவர்களுக்கு? அவர்களுக்காக 2003-ல் பெய்ன்ஆட் என்ற அளவுகோல் வந்தது. மூச்சு, முனகல் அல்லது கத்தல், முகம், உடம்பு இறுகுவது, சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்பது, இந்த ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார்கள். நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம், கத்துவது எந்த நொடியில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் பாருங்கள். தண்ணீர் பட்டதுமா, இல்லை கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைக்கும்போதா? கையைத் தூக்கும்போது என்றால் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் கழற்றுங்கள். முன்பக்கம் திறக்கிற உடையாக இருந்தால் இன்னும் நல்லது. குளிப்பதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் வலி மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கொடுத்துப் பார்த்து கத்தல் குறைந்தால் காரணம் வலிதான் என்று ஓரளவு நிச்சயமாகிவிடும்.

கேள்வி: நோயாளி சௌகரியமாக இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு? பொது அறிவு போதாதா?

பதில்: போதாது. நோயாளி என்றால் படுக்கையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்பதும் பொது அறிவுதான். 2007-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தபோது கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது! சௌகரியம் என்பதையே பிரித்துப் பார்த்தவர் கேத்தரின் கோல்காபா. மறதி நோயாளிகளின் வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவர், 1990-களில் தன் கோட்பாட்டை எழுதினார். உடம்பு வலி குறைவது அதில் ஒரு பகுதிதான். மன நிம்மதி, அறையின் வெளிச்சமும் சத்தமும், பக்கத்தில் இருக்கிற மனிதர்கள், எல்லாம் அவர் கணக்கில் வருகிறது.

கேள்வி: கணவருக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. எனக்கே 66 வயது. புண் வரக்கூடாது என்று ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அலாரம் வைத்து எழுந்து திருப்பிப் படுக்க வைக்கிறேன். தூங்கி எத்தனையோ நாளாகிறது. யாரிடமும் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, அவர் படும் கஷ்டத்துக்கு முன்னால் என்னுடையது என்ன பெரிது என்று தோன்றுகிறது.

பதில்: அம்மா, உங்களுடையதும் பெரிதுதான். 1979-ல் நான்சி மோல்டர் என்ற நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் உறவினர்களிடம் 45 தேவைகளைக் கொடுத்து எது முக்கியம் என்று கேட்டார். நம்பிக்கை இருக்கிறது என்று உணர்வதுதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகு பல ஆய்வுகள் வந்துவிட்டன, தங்கள் சொந்தச் சௌகரியத்தைக் குடும்பத்தார் கடைசியில்தான் வைக்கிறார்கள். நீங்களும் அதையே செய்கிறீர்கள். 1999-ல் வந்த இன்னொரு ஆய்வு, கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்கிற வயதானவர்களை நான்கு வருஷம் கவனித்தது. பார்த்துக்கொள்வதால் நொந்துபோயிருந்தவர்களுக்கு, அப்படிப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகம். நொந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த அபாயம் கூடவில்லை. அதாவது கெடுப்பது கவனிப்பு இல்லை, அதில் நொந்துபோவதுதான்.

அந்த அலாரத்துக்கு வருவோம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லங்களில் படுக்கைப்புண் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களை அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுக்க வைத்து, சிலரை 2 மணி நேரத்துக்கு, சிலரை 3 மணி நேரத்துக்கு, சிலரை 4 மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் பார்த்தார்கள். புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. கவனியுங்கள், மெத்தை அப்படிப்பட்டது, ஏற்கெனவே புண் இல்லாதவர்கள். அதனால் நீங்களாக நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள். வீட்டுக்கு வருகிற நர்ஸையோ டாக்டரையோ அவர் தோலையும் மெத்தையையும் நேரில் பார்க்கச் சொல்லி, ராத்திரியில் 4 மணி நேரத்துக்கு ஒருதரம் போதுமா என்று கேளுங்கள். போதும் என்றால் மூன்றரை மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்கலாம். எப்படியானாலும் குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள், காலையில் பின்பக்கமும் குதிகாலும் சிவந்திருக்கிறதா, அழுத்தி எடுத்தபிறகும் சிவப்பு போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்கிறவர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ரெண்டு மணி நேரம் இவர் பக்கத்தில் உட்காருங்க" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ரத்த அழுத்தத்தையும் இந்த வாரமே பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.