எலியின் சாட்சி

அன்புள்ள டீச்சர்,

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். வயது 34, கல்யாணமாகி ஐந்து வருடம். நோபல் பரிசு பற்றிய உங்கள் கட்டுரையில், சிறு ஆர்.என்.ஏ.க்கள் சினைப்பையிலும் வேலை செய்கின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் குறைவு என்று கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. இந்த ஆர்.என்.ஏ.க்களைச் சாப்பாட்டில் கூட்ட முடியுமா? வாட்ஸ்அப்பில் பார்த்து மாமியார் ஒரு பவுடர் வாங்கி வந்திருக்கிறார், டின் 280 வெள்ளி (ரிங்கிட்). அப்புறம் ஒரு சின்னக் குறை. ஆர்.என்.ஏ.வுக்கு நல்ல தமிழ்ச்சொல் போட்டிருக்கலாமே?

வ.

அன்புள்ள வ.,

தமிழ்ச்சொல்லை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். டின்னைத் திறக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். திறந்தாயிற்று என்றால் தூக்கிப் போடுங்கள்.

அந்த ஒரே வரியை எழுதிவிட்டு நான் அதிலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சின்ன வயதில் அம்மா சாமான் சீட்டில் ‘சீனி 2 கிலோ’ என்று எழுதிக் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்புவார். வாசலில் பாட்டி சீட்டை வாங்கிப் பார்த்து, இரண்டை அடித்து ஒன்று போடுவார். செல்லில் என்ன புரதம் செய்ய வேண்டும் என்று மரபணு எழுதி அனுப்புகிற சீட்டு தூது ஆர்.என்.ஏ. பென்சிலோடு வாசலில் உட்கார்ந்திருக்கிற பாட்டி, நீங்கள் கேட்ட சிறு ஆர்.என்.ஏ.க்களில் ஒரு வகையான மைக்ரோ ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 22 எழுத்து. 1993இல் விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்கன் இருவரின் ஆய்வுக்குழுக்களும் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டுபிடித்தன. நோபல் பரிசு வந்தது 2024இல்.

சினைப்பையில் இந்தப் பாட்டிகளுக்கு ஓய்வே இல்லை. முட்டையைச் சுற்றியிருக்கும் செல்களில் எது பிழைக்கலாம், எது சாகலாம் என்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. இவற்றை வெட்டித் தயாரிக்கும் டைசர் என்ற நொதி குறைவாக இருந்த பெண் எலிகளை 2008இல் ஆராய்ந்தார்கள். முட்டை வெளியேறியபின் அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திசு உருவாகும், கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டரோன் அதிலிருந்துதான் வர வேண்டும். இந்த எலிகளில் அந்தத் திசுவுக்குள் ரத்த நாளங்கள் சரியாக வளரவில்லை, கரு தங்கவில்லை. குறைந்துபோயிருந்த இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சினைப்பைக்குள்ளேயே ஊசியால் போட்டுப் பார்த்தார்கள். நாளங்கள் ஓரளவு தேறின, ஹார்மோனும் கொஞ்சம் ஏறியது. கர்ப்பம் மட்டும் நிற்கவில்லை. உறுப்புக்குள்ளேயே ஊசி போட்டு நடக்காததை உங்கள் மாமியாரின் பவுடர் வயிற்று வழியாகப் போய்ச் செய்துவிடுமா? 280 வெள்ளிக்கு நல்ல மீன் வாங்கிச் சாப்பிடுங்கள்.

2013இல் வந்த இன்னொரு ஆய்வு. இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை எடுத்துவிட்டதும் பெண் எலிகளில் முட்டை வெளியேறுவதே தடைப்பட்டது. கோளாறு சினைப்பையில் இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில். முட்டை வெளியேறத் தூண்ட அங்கிருந்து வரவேண்டிய எல்.எச். ஹார்மோன் போதிய அளவு வரவில்லை.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம். பிவி என்ற புரதத்தோடு சேர்ந்து வேலை செய்யும் இன்னொரு வகைச் சிறு ஆர்.என்.ஏ. உண்டு. மரபணுத் தொகுதிக்குள் கண்ட இடத்தில் தாவி உட்காரும் துண்டுகளை அது அடக்கி வைக்கும். அந்தப் புரதம் இல்லாத ஆண் எலி மலடு, பெண் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, குட்டி போட்டது. பாலூட்டிகளில் இது ஆண் சமாச்சாரம் என்ற எண்ணம் வருடக்கணக்கில் ஓடியது. யாரும் முட்டாள் இல்லை. எலி மலிவு, மூன்று வாரத்தில் குட்டி போடும், அதன் மரபணுவை மாற்றும் வித்தையும் கையில் இருந்தது. ஆனால் இந்தப் பிவி குடும்பத்தில் மனிதருக்கு நான்கு மரபணு, எலிக்கு மூன்றே. எலியின் முட்டையில் டைசரே வேறு மாதிரி, வெட்டிக் குறுக்கிய ஒரு தனி வடிவம். எப்போதோ தாவி வந்த ஒரு துண்டு பண்ணிவிட்ட வேலை அது, நமக்கு இல்லை. இந்த விஷயத்தில் எலிதான் விதிவிலக்கு, நாம் அதையே விதி என்று எடுத்துக்கொண்டோம்.

2021இல் மூன்று குழுக்கள் ஹாம்ஸ்டரில் சோதித்தன. செல்லப்பிராணிக் கடையில் சக்கரத்தில் ஓடுமே, அதுதான். பிவி குடும்பத்தில் ஒரு மரபணுவை எடுத்ததும் பெண் ஹாம்ஸ்டருக்குக் குட்டி இல்லை. கரு இரண்டு செல்லாகப் பிரிந்து அங்கேயே நின்றுவிட்டது. கேட்டிருந்தால் ஹாம்ஸ்டர் எப்போதோ சொல்லியிருக்கும்.

இதைப் படித்த அன்று எனக்கு அத்தை ஞாபகம். செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். பதினோரு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தார். வழியில் அடுத்தவர்கள் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைத் தூக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஏறுவார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளைகாப்பு என்றால் பாத்திரம் கழுவத்தான் கூப்பிடுவார்கள், வளையல் போட இல்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவரை மூன்று முறை படுக்கவைத்துப் பார்த்தார்கள். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். அப்புறம் மாமா சின்னத்தையைக் கட்டினார். அவருக்கும் பிள்ளை இல்லை. அப்போது லயம் என்ன சொன்னது தெரியுமா? ‘பாவம் மனுஷன், வாய்ச்ச ரெண்டும் இப்படி.’

ஆய்வகத்தில் ஆண் சமாச்சாரம் என்று பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் லயத்தில் நேர்மாறு. ஆய்வகமாவது 2021இல் திருத்திக்கொண்டது.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஏ.எம்.எச். இருக்கிறது, மாமியார் இருக்கிறார், பவுடரின் விலைகூட இருக்கிறது. உங்கள் கணவர் எங்கேம்மா? அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை எடுத்தார்களா? ஐந்து வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா, உங்களுக்கே தோன்றவில்லையா? படித்த பெண்தானே நீங்கள்? ஊசி இல்லை, கத்தி இல்லை. வெட்கம்தான் செலவு, அதை அவர் ஒரு நாள் செலவழிக்கட்டும். இன்னும் பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிற காலமா இது?

ஏ.எம்.எச். குறைவு என்றால் மிச்சமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கை குறைவு என்று தோராயமாகச் சொல்கிறது, அவ்வளவுதான். முட்டையின் தரத்தையோ, பிள்ளை பிறக்குமா என்பதையோ அது சொல்லாது. ஆனால் 34 வயது, ஐந்து வருடம் என்பதால் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த மாதமே இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். போய்வந்து எழுதுங்கள். டின்னின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், உள்ளே என்னதான் போட்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
டீச்சர்
பினாங்கு