நிலவியலா, சுற்றுச்சூழல் அறிவியலா?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் தேறியிருக்கிறாள். ஜியாலஜி எடுப்பதா, சுற்றுச்சூழல் அறிவியல் எடுப்பதா என்று குழம்புகிறாள். வெயிலில் காடு மேடெல்லாம் அலையும் படிப்பு பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பது என் கவலை.
– வாசகி, அரியலூர்

பதில்: பள்ளியில் 'புவியியல்' என்று படித்தது ஜியாகிரபி; ஜியாலஜி என்பது நிலவியல். விண்ணப்பிக்கும்போது இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இளநிலையில் நிலவியல் எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்டினால் பக்கத்து வயல் கிணறு வற்றுமா என்று கேட்பது சுற்றுச்சூழல் கேள்வி. ஆனால் நீர் எந்தப் பாறை அடுக்கில் நிற்கிறது, அந்த அடுக்கு எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நிலவியல் மாணவர்கள் முதல் களப்பயணத்திலேயே சுத்தியல், கைலென்ஸ், சாய்வுமானி ஆகியவற்றோடு இதைத்தான் பழகுகிறார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தவர்கள் அந்தப் பாறையைப் பிறகு மறப்பதில்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் ஓடைப் பள்ளங்களில் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரி) புதைபடிவங்களைப் பார்க்க வெளியூர்க் கல்லூரிகளே பேருந்து பிடித்து வருகின்றன. உங்கள் மகளுக்கோ அது பக்கத்து ஊர்.

நிலவியல் படித்தவர் முதுநிலையில் சுற்றுச்சூழல் பக்கம் திரும்பலாம். அங்கிருந்து இங்கே வருவதுதான் கடினம். ஆனால் மத்திய அரசுப் பணி நோக்கமென்றால் முதுநிலையிலும் நிலவியலை விடக் கூடாது. 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும் (அங்கும் அதே பெயர்க் குழப்பம்!) மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் நிலவியலாளர் பணிக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வை எழுத, நிலவியலிலோ அதைச் சார்ந்த துறையிலோ முதுநிலைப் பட்டம் வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இந்தப் பாடம் இருக்கிறது.

வெயிலைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. களப்பணி இல்லாத நிலவியல் கிடையாது. ஆனால் 1983-இல் இந்திய ஆய்வுக் குழுவில் அண்டார்க்டிகாவுக்குப் போன முதல் பெண்கள் இருவரில் ஒருவரான சுதிப்தா சென்குப்தா நிலவியலாளர்தான். சேர்க்கைக்குப் போகும்போது ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பயணம், எங்கே தங்குகிறார்கள், ஆசிரியைகள் யாராவது உடன் வருகிறார்களா என்ற மூன்றையும் துறைத்தலைவரிடமே கேட்டுவிடுங்கள்.