பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் உங்கள் பெயர்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மாச்சியின் தங்கை குடும்பம் இலங்கையில் மன்னார் பக்கம் பேசாலையில் இருக்கிறது. அம்மாச்சிக்கு 74 வயது, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனபோது பாஸ்போர்ட்கூடக் கேட்கவில்லை. பேசாலைக்கு மட்டும் ஆன்லைனில் விசா போட வேண்டுமாமே, நானே போடலாமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நீங்களே போடலாம் சகோதரி, நீங்களே போடுவதுதான் நல்லது. கச்சத்தீவு திருவிழா தனி ஏற்பாடு, அந்த நாட்களுக்கும் அந்தத் தீவுக்கும் மட்டும்தான் அது. 1964 புயலுக்கு முன்னால் எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போனார்கள். தனுஷ்கோடி முனையிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான் அந்தக் கரை. இப்போது நாகப்பட்டினம் போய் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏற வேண்டும், இல்லையென்றால் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். வயதானவரை அழைத்துக்கொண்டு இவ்வளவு சுற்றிப் போகிறீர்கள், அதனால் காகிதத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது.

நீங்கள் போட வேண்டியது ஈடிஏ என்கிற மின்னணுப் பயண அனுமதி. 2012 முதல் இலங்கை இதை நடத்துகிறது, சுற்றுலாவுக்கு 30 நாள் கிடைக்கும். தேடினால் இதே பெயரில் பத்துத் தளங்கள் வரும், அசல் போலவே கொடி, முத்திரை எல்லாம் இருக்கும், இரண்டு மூன்று மடங்கு பணம் கேட்கும். படத்தை நம்பாதீர்கள், முகவரியைப் பாருங்கள். இலங்கை அரசின் தளம் என்றால் முகவரி 'ஜிஓவி டாட் எல்கே' என்று முடியும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் யாரோ சொன்ன தொகையை நம்பாமல் அந்தத் தளத்திலேயே பார்த்துக் கட்டுங்கள்.

பணம் கட்டும் இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். புதிதாகத் தரும் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தை ஆரம்பத்தில் மூடியே வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. அதனால் முதல் நாளே வங்கியின் ஆப்பில் போய்த் திறந்துவிடுங்கள், கட்டி முடித்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

அப்புறம் பெயர். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆதாரில் அந்தோணியம்மாள், ரேஷன் கார்டில் அந்தோணியம்மா, பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல், வீட்டில் கூப்பிடுவது வேறு. விண்ணப்பத்துக்கு பாஸ்போர்ட் மட்டும்தான் கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' கூடுதலாக இருந்தால் அதையும் சேர்த்தே அடியுங்கள். இந்திய பாஸ்போர்ட் எண்ணில் பெரும்பாலும் முதலில் ஒரு எழுத்து, பிறகு ஏழு இலக்கம், ஆகவே நடுவில் வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான், 'ஓ' அல்ல. எனக்கே ஒருமுறை பழைய பாஸ்போர்ட்டும் புதியதும் ஒரே ரப்பர் பேண்டில் இருந்ததால் பழைய எண்ணை அடித்துவிட்டேன். விமான நிலைய கவுன்டரில்தான் தெரிந்தது. அங்கேயே ஓரமாக உட்கார்ந்து மறுபடி விண்ணப்பித்து, மறுபடி பணம் கட்டி, பதில் மின்னஞ்சல் வருவதற்குள் விமானம் போய்விட்டது. அதிலிருந்து, நான் அடித்ததை இன்னொருவர் சத்தமாக வாசிக்க, நான் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. அம்மாச்சியையே வாசிக்கச் சொல்லுங்களேன், தெரிந்த எண்கள்தானே.

அங்கே போய்ச் சேரும் நாளிலிருந்து பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். அனுமதி மின்னஞ்சலை இரண்டு பிரின்ட் எடுத்து, ஒன்றை அம்மாச்சி பையிலேயே வையுங்கள்.

கேள்வி: காக்கா (அண்ணன்) துபாயில் இருக்கிறார், உம்மாவைச் சுற்றுலா விசாவில் கூப்பிடுகிறார். உம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், சர்நேம் என்ற இடம் காலி. விசா கிடைக்காது என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
- வாசகர், கீழக்கரை

பதில்: அவர் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. இனிஷியலோடு வாழும் ஊர் நம்முடையது, குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. சில நாளிலேயே ஒரு விளக்கமும் வந்தது: பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று. நம் பாஸ்போர்ட்டில் அது கடைசிப் பக்கம். உம்மாவின் பாஸ்போர்ட்டில் அங்கே அவருடைய வாப்பா பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், விசா விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் கவுன்டரில் நிறுத்துவது அவர்கள்தான்.

அவசரம் இல்லையென்றால் பெயரை இரண்டாகப் பிரித்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வதே நிம்மதி. சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம். பிறகு விசா, டிக்கெட் எல்லாம் புதுப் பெயரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மலேசியா போக 'டிஜிட்டல் அட்டை' எடுத்துத் தர பிரவுசிங் சென்டரில் ஆளுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமா?
- வாசகர், தொண்டி

பதில்: இல்லை. அந்த வருகை அட்டை இலவசம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் போடலாம், அந்த முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடியும். சிங்கப்பூர் வருகை அட்டையும் இதேபோல இலவசம்தான், ஆனால் அது விசா அல்ல, சிங்கப்பூருக்கு நமக்கு விசா தனியாக வேண்டும். தட்டச்சு செய்து தருபவருக்கு ஐம்பதோ நூறோ கொடுங்கள், அது அவர் உழைப்பு.

கேள்வி: மலேசியாவில் ஹோட்டல் வேலை, முதலில் டூரிஸ்டாகப் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பு படித்திருக்கிறேன்.
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: போகாதீர்கள் தம்பி. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா தருவது விசா இல்லாத 30 நாள் வருகை, வேலை செய்ய அதில் இடமில்லை. நாள் கடந்தால் பிடித்து அடைத்துவிடுவார்கள், சம்பளம் கேட்கக்கூட வழியிருக்காது. பத்தாவது முடிக்காதவர் என்றால் உங்கள் பாஸ்போர்ட் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையாகத்தான் இருக்கும். அந்த வகையினர் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அந்த அனுமதியோடு போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் உண்டு, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய். டூரிஸ்டாகப் போனால் இது எதுவும் இல்லை. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. இவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.