பூச்சியைப் படிக்க ஆசைப்படும் மகள்: பெரம்பூர் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீங்களும் மகளும் வந்துவிட்டுப் போனதிலிருந்து நீங்கள் கேட்டது மனதிலேயே இருக்கிறது. "நல்லா மார்க் வாங்குற பொண்ணு சார். டாக்டருக்குப் படின்னா பூச்சியைப் படிக்கிறேங்கிறா. நமக்கு ஒரு சென்ட் நிலம் கூடக் கிடையாது. கடைசியில பூச்சிமருந்துக் கடையிலதான் உட்காரணுமா?" என்றீர்கள். அடுத்த ஆள் காத்திருந்ததால் அன்று நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மருந்துக் கடை பயத்தைப் பார்ப்போம். என் சித்தப்பா மதுராந்தகம் பக்கத்தில் நெல் போடுகிறவர். ஒரு சம்பாவில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி விழுந்து, பயிர் திட்டுத்திட்டாகத் தீய்ந்த மாதிரி ஆகிவிட்டது. கடையில் கொடுத்த மருந்தை அடித்தார். இரண்டு வாரத்தில் பூச்சி முன்னைவிடப் பெருகியது. போலி மருந்து என்று நினைத்து மறுபடியும் அடித்தார். அந்தப் போகம் பாதிகூடத் தேறவில்லை.

மருந்து போலி இல்லை அம்மா. வயலில் புகையானைத் தின்று கொண்டிருந்த சிலந்திகளையும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் அது கொன்றுவிட்டது. புகையானின் முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்தன. அவை பொரித்து வந்தபோது பிடித்துத் தின்ன ஆளில்லை. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் புகையான் இப்படித்தான் திரும்பக் கிளம்பும். இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் சேற்றில் இறங்கி, குத்து குத்தாகப் பூச்சியை எண்ணிய ஆராய்ச்சியாளர்கள். தூருக்கு, அதாவது ஒரு குத்தில் கிளைத்திருக்கும் ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்று இன்று விவசாயிகளுக்குச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு அவர்கள் எண்ணி எண்ணி எடுத்தது. எப்போது அடிக்கக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்வதற்குத்தான் இந்தப் படிப்பில் பெரும்பகுதி போகிறது. உங்கள் மகள் கடையில் உட்காரப் போகிறவள் இல்லை. கடைக்காரர் எதை எப்போது விற்கலாம் என்பதற்கே ஆதாரம் தேடுகிற இடம் இது.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2008இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மெழுகு பூசின மாதிரி இருக்கும் அதன் உடம்பில் மருந்து சரியாக ஒட்டாது. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பூச்சி அது. அங்கே அதைக் கட்டுக்குள் வைத்திருந்த குட்டிக் குளவிகள் இங்கே கிடையாது. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அந்தக் குளவிகளை வரவழைத்தது. நம் ஊர் நல்ல பூச்சிகளுக்குத் தொல்லை தருமா என்று பூட்டிய ஆய்வகத்தில் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனம் நன்றாக ஒட்டிக்கொண்டது. கொசுவைவிடச் சிறிய குளவி அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், அதன் புழு மாவுப்பூச்சியைத் தின்றே வளரும். கொஞ்ச காலத்தில் தோட்டங்கள் மீண்டன.

மரவள்ளிக்கென்றே தனியாக ஒரு மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டது. அதற்கான குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். இதே குளவியை வைத்து 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றிய பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1987இல் முதல் ஆளாகப் பெற்றாரே, அதே பரிசு. பூச்சியைப் படித்தவருக்கு மரியாதை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். இதில் ஒரு முடிவை மட்டும் தப்பாக எடுத்துவிடக் கூடாது. பூச்சி என்றதும் பலர் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்துவிடுகிறார்கள். சென்னையில் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதால் உங்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் பயிரைத் தாக்கும் பூச்சிதான் அவள் ஆசை என்றால், நான்கு ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மைதான் சரியான வாசல். வேளாண் அலுவலர் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு, வேளாண் பூச்சியியலில் முதுகலை எல்லாம் வேளாண்மை சார்ந்த பட்டத்தைத்தான் கேட்கின்றன. விலங்கியல் முடித்துவிட்டு இந்தக் கதவுகளைத் தட்டி ஏமாந்து வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். நீட் தேவையில்லை. கோயம்புத்தூர் கிடைக்காவிட்டால் மதுரை, கிள்ளிகுளம், திருச்சி என்று கல்லூரிகள் இருக்கின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டுமானால் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தனியார் கல்லூரி என்றால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

விலங்கியலைக் குறைத்துச் சொல்லவில்லை. எறும்பு, தேனீ, வண்ணத்துப்பூச்சி என்று பூச்சிகளின் வாழ்க்கைதான் அவளை இழுக்கிறது, பயிர் இரண்டாம்பட்சம் என்றால் அதுவே நல்ல வழி. இலைப்பேன் ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பேராசிரியர் டி.என். அனந்தகிருஷ்ணன் தொடங்கிய பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே லயோலா கல்லூரியில்தானே இருக்கிறது. இரண்டில் எது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஆராய்ச்சியாளர் ஆக வேண்டுமானால் பட்டம் நான்கு, முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் குறைந்தது மூன்று என்று ஒன்பது பத்து வருஷம் ஆகும். நல்ல ரேங்க் வாங்கினால் முதுகலையிலிருந்தே உதவித்தொகை உண்டு, ஆனால் அது சம்பளம் ஆகாது. அவளோடு படித்தவர்கள் ஐடியில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும்போது இவள் கத்தரித் தோட்டத்தில், பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். அப்போது "இன்னும் படிப்பு முடியலையா" என்று வீட்டிலேயே கேட்டால் அவளுக்குத் தாங்காது. அந்தக் கேள்வியை இப்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.

முனைவர் பட்டம் வரை போகாவிட்டாலும் நஷ்டமில்லை. விதை நிறுவனங்களிலும் டிரைக்கோகிரம்மா போன்ற, தீமை செய்யும் பூச்சிகளின் முட்டைகளை அழிக்கும் முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்துக் கொடுக்கும் ஆய்வகங்களிலும் ஆள் தேவைப்படுகிறது. மீனம்பாக்கத்தில் மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் விதை, கன்று, பழங்களோடு புதுப் பூச்சி நுழைந்துவிடாமல் சோதிப்பது அவர்கள் வேலை. பப்பாளி மாவுப்பூச்சி மாதிரி ஒன்றை வாசலிலேயே தடுப்பதற்குப் பூச்சியை அடையாளம் காணத் தெரிந்த கண் வேண்டும்.

அப்புறம், நிலம் இல்லையே என்றீர்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிர் பழகியிருக்கும், அது உண்மை. முதல் வருஷம் இவளுக்குக் கொஞ்சம் திணறும். விண்ணப்பம் போடுவதற்கு முன் திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். வெயிலில் நான்கு மணி நேரம் வயலில் நிற்கட்டும். திரும்பி வரும்போது என்ன பேசுகிறாள் என்று கவனியுங்கள்.

அன்று அவள் வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான், ஞாபகம் இருக்கிறதா? மாடிச் செம்பருத்தியில் வெள்ளையாக அப்பியிருந்ததற்கு நீங்கள் மருந்து வாங்கி வரச் சொன்னதையும், அவள் வாங்காமல் தண்டில் எறும்பு ஏறாதபடி தடுத்ததையும் சொன்னாள். மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும், அது விலகினால் குளவியும் பொறிவண்டும் உள்ளே வரும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று வாரம் தினமும் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறாள். அடுத்த தடவை வரும்போது அந்த நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்.