வினைல் பலகையும் வெளிச்சுவரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மரச்சட்ட வீட்டின் வெளிச்சுவர்களுக்கு நாங்களே வினைல் பலகைகளைப் பொருத்தினோம். காற்றில் ஆடக் கூடாது என்று ஒவ்வோர் ஆணியையும் இறுக அடித்தோம். வெயில் ஏறியதும் எல்லாச் சுவர்களிலும் பலகைகள் அலை அலையாகப் புடைத்துவிட்டன. வாங்கிய பலகை தரமற்றதா?

பதில்: பலகையின் மீது பழி போட வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இறுக அடித்த ஆணிகளே காரணம். வினைல் என்பது பி.வி.சி. என்னும் நெகிழி. அது வெப்பத்தில் நீண்டு, குளிரில் சுருங்கும். 12 அடி நீளமுள்ள பலகையின் நீளம், கடுங்குளிருக்கும் கடும் வெயிலுக்கும் இடையில் ஏறத்தாழ அரை அங்குலம் வரை மாறக்கூடும். அவ்வாறு நீளும் பகுதிக்கு இடம் இல்லையென்றால் பலகை வெளிப்புறமாகப் புடைக்கத்தான் செய்யும். எனவே, அதைச் சுவரில் அறைவதாக எண்ணாமல், திரைச்சீலையைக் கம்பியில் மாட்டுவதுபோல ஆணியில் தொங்கவிடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

பலகையின் மேல்விளிம்பில் உள்ள துளைகள் நீள்வடிவில் அமைந்திருப்பது இந்த அசைவுக்காகவே. துருப்பிடிக்காத ஆணியைத் துளையின் நடுவில் சாய்வின்றி அடித்து, ஆணித்தலைக்கும் பலகைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பிறகு பலகையைக் கையால் பிடித்து இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். நகராவிட்டால் ஆணியைச் சற்றே வெளியே இழுத்துவிடுங்கள். பலகையின் முனை ஜன்னலோரத்தில் பலகை முனையை ஏற்கும் ஜே சேனல் என்னும் பள்ளச் சட்டத்துக்குள்ளோ மூலைச் சட்டத்துக்குள்ளோ நுழையும் இடத்தில் கால் அங்குல இடைவெளி வேண்டும். 4 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான குளிரில் வேலை செய்தால், சுருங்கிய பலகை பின்னர் கூடுதலாக நீளும் என்பதால், அந்த இடைவெளியை 3/8 அங்குலமாக்க வேண்டும். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறத்தாழ ஓர் அங்குலம் ஏறியிருந்தால் போதும். அந்தச் சேர்ப்பை ஒட்டி ஆணி அடிக்காதீர்கள்.

காற்றைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் காற்றைத் தாங்குவது ஆணியின் இறுக்கம் அன்று. ஆணி, மரச்சட்டத்தின் மேல் போர்த்திய உறைப்பலகையையும் கடந்து உள்ளிருக்கும் மரச்சட்டத்தில் நன்றாக ஊன்றியிருப்பதும், பலகையின் கீழ்விளிம்பு அதற்குக் கீழுள்ள பலகையின் பூட்டுக்குள், அதாவது கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் மடிப்புக்குள், முழுவதும் விழுந்திருப்பதுமே தாங்குகின்றன. பூட்டு விழுந்த பின்னர் பலகையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பதும் பெருந்தவறு. பலருக்கு இது பழக்கமாகவே இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது, மேல்வரிசையிலிருந்து தொடங்கிப் பலகைகளைக் கழற்றித் தளர்வாக மறுபடியும் பொருத்துவதுதான். நேராகத் திரும்பாத பலகைகளை மட்டும் மாற்றுங்கள். எதிரே உள்ள ஜன்னல் கண்ணாடியின் பிரதிபலிப்போ, அருகில் வைத்த அடுப்போ வினைலை இளக்கிவிடக்கூடும் என்றாலும், அந்தச் சேதம் ஓரிடத்தில்தான் தெரியும். உங்கள் வீட்டில் எல்லாச் சுவர்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: வினைல் தண்ணீர் உறிஞ்சாது என்கிறார்கள். அப்படியானால் அதன் பின்னால் நீர்த்தடுப்பு விரிப்பு எதற்கு?

பதில்: வினைல் தண்ணீரை உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பலகைகளால் மூடிய சுவர் நீர் புகாத சுவர் ஆகிவிடாது. சாய்ந்தடிக்கும் மழை, சேர்ப்புகளின் வழியாகவும் ஜன்னலோரங்களின் வழியாகவும் பின்புறம் செல்லவே செய்யும். வீட்டைக் காப்பது அங்குள்ள விரிப்பும், நீரை வெளியே திருப்பிவிடும் ஃபிளாஷிங் தகடுகளுமே. ஆகவே இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. விரிப்பைக் கீழிருந்து மேலாக, மேல்விரிப்பு கீழ்விரிப்பின் மீது படியுமாறு இடுங்கள். தகடும் அப்படியே, மேலிருந்து வரும் நீர் அதன் முன்பக்கமாக வடிந்து இறங்கும்படி அமைய வேண்டும். பலகையின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் உள்ளே போன நீர் வெளியேறுவதற்கானவை. அழகு கருதி அவற்றைச் சீலண்ட் என்னும் அடைப்புப் பசை பூசி அடைத்தால் ஈரம் தேங்கி, மரம் உளுத்துப்போகும்.

கேள்வி: சுவரின் நடுவில் ஒரே ஒரு பலகை விரிசல் விட்டிருக்கிறது. முழுச் சுவரையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பூட்டை விடுவிப்பதற்கென்றே ஸிப் டூல் என்னும் சிறு கொக்கிக் கருவி கிடைக்கிறது. உடைந்த பலகைக்கு மேலுள்ள பலகையின் அடியில் அதை நுழைத்து, கீழ்நோக்கி இழுத்தபடியே நீளவாக்கில் நகர்த்தினால் பூட்டு விடுபடும். மேற்பலகையை மெதுவாகத் தூக்கி, உடைந்ததன் ஆணிகளைப் பிடுங்கிப் புதியதை மாட்டியபின், அதே கருவியால் பூட்டை மறுபடியும் இழுத்துப் பொருத்திவிடலாம். குளிரில் வினைல் எளிதில் உடையும் என்பதால், மிதமான வெப்பமுள்ள நாளில் இதைச் செய்யுங்கள்.