டிராக் ரேடியல் டயருக்குக் காற்று எவ்வளவு? விற்றவரிடம் கேட்காதீர்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி: “என் ஃப்ரண்ட் வீல் டிரைவ் காரின் முன்பக்கம் இரண்டு டிராக் ரேடியல் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான, பிடிப்பு அதிகமுள்ள டயர்) போட்டிருக்கிறேன். தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. டயர் விற்றவர் எப்போதும் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும் என்கிறார், பங்க்கில் 35 அடித்துவிடுகிறார்கள். எது சரி?”

இரண்டுமே இல்லை தம்பி. ரோட்டுக்கு ஒரு அளவு, பந்தயத்துக்கு வேறொரு அளவு. தினசரி ஓட்டத்துக்கு டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதுதான், பெரும்பாலும் 30, 32 இருக்கும். 15-ல் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும், அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது.

பந்தயப் பாதையில் காற்றைக் குறைப்பது டயர் தரையில் அகலமாகப் படியத்தான். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் 15, 16 எல்லாம் பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு, கிளம்பும்போது வண்டியின் பாரம் பின்னால் சாய்ந்து அந்த டயரை அழுத்தும். உங்கள் வண்டியிலும் பாரம் பின்னால்தான் சாயும், ஆனால் இழுக்கும் சக்கரம் முன்னால் இருக்கிறது, அதே சக்கரம்தான் திரும்புகிறது, பிரேக்கின் பெரும்பகுதியையும் அதுதான் தாங்குகிறது. இதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், முன்சக்கர வண்டிக்கு 15 வைத்தால் ஓட்டத்தின் கடைசியில் ஸ்டீயரிங் மிதக்கும். 22-ல் தொடங்குங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 குறைத்துப் பாருங்கள், 18-க்குக் கீழே வேண்டாம். பின் டயர்களில் கை வைக்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தரையே காட்டும். பர்ன் அவுட் (நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு டயரைச் சூடேற்றுவது) செய்துவிட்டு இறங்கி அந்தக் கறுப்புத் தடத்தைப் பாருங்கள். நடு மட்டும் கறுத்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரம் கறுத்து நடு வெளுத்திருந்தால் குறைவு, ஒரே சீராக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

பந்தயக் காற்றை டயர் ஆறியிருக்கும்போது நிழலில் அளந்து பாருங்கள், அதுவும் 30 வரை மட்டுமே காட்டும் சின்ன கேஜில், அதில்தான் அரை பிஎஸ்ஐ வித்தியாசம் தெரியும். காலையில் 18 வைத்தது பத்து டிகிரி வெயில் ஏறினாலே 19-ஐத் தாண்டிவிடும். வெயில் படுகிற பக்கத்து டயர் மட்டும் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஒரு பையன் ‘புதுசு’ என்று வாங்கிவந்த டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் 2315. அதாவது 2015-ன் 23-வது வாரம் செய்தது. நகத்தால் அழுத்தினேன், பழைய செருப்பின் அடி மாதிரி இறுகிக் கிடந்தது. அந்த டயருக்கு எந்தக் காற்று வைத்தாலும் பிடிக்காது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நேர்மையாக இரண்டு டயர் வரவழைக்க நினைப்பவன் லைசென்சுக்கும் ஐஎஸ்ஐ முத்திரைக்கும் அலைகிறான், புரோக்கரோ எங்கிருந்தோ தேய்ந்ததைக் கொண்டுவந்து பாலிஷ் போட்டு விற்கிறான், அவனை யார் கேட்கிறார்கள்? நைட்ரஜன் அடித்தால் காற்று ஏறி இறங்காது என்று காசு பிடுங்குகிறவர்களையும் நம்பாதீர்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூடானால் அதுவும் ஏறத்தான் செய்யும்.

மழை என்றால் சாதாரண ரோட்டு டயரை மாட்டுங்கள், டிராக் ரேடியலில் தண்ணீர் ஒதுக்கப் போதுமான பட்டன் கிடையாது. நள்ளிரவில் ஈசிஆரில் ஓட்டிப் பார்க்கும் யோசனை இருந்தால் இந்தப் பதிலை மறந்துவிடுங்கள்.

ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்ரசர் டிக்கியில் இருக்கட்டும். ஓட்டம் முடிந்து டயர் ஆறியதும் ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றிவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். அப்புறம், உங்கள் டயரின் அந்த நான்கு இலக்கத்தை இன்றைக்கே பார்த்து எழுதுங்கள். அது பழையதாக இருந்தால் மேலே சொன்ன 22, 18 எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.