அப்பாவுக்கு நுரையீரல் ஃபைப்ரோஸிஸ். மாற்று அறுவை சிகிச்சை பற்றி இப்போதே பேசலாமா?

நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் இந்த நோயிலும் அப்பா இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் மாற்று அறுவை என்று பேச்சை எடுத்தால் மனம் உடைந்துவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் நடமாடும் இந்த நேரத்திலேயே பேசிவிடுங்கள்.

என் அக்காவுக்கும் இதே நோய்தான். முதலில் பார்த்த டாக்டர், "அது கடைசி வழி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். ஒன்றரை வருடம் கழித்து மாற்று சிகிச்சைக் குழுவிடம் போனபோது, ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் இரண்டாவது நிமிடமே அக்கா நாற்காலி கேட்டாள். எடை குறைந்து, தொடைச் சதையெல்லாம் கரைந்திருந்தது. இந்த நிலையில் அறுவையை உடம்பு தாங்காது என்றார்கள். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே நான்கு மாதம் நடைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, எடை ஏறச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது. அந்த நான்கு மாதமும் நாங்கள் பட்ட பயம் உங்களுக்கு வேண்டாம்.

மாற்று நுரையீரல் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியிருக்க வேண்டும்; அதே சமயம் பெரிய அறுவையைத் தாங்கும் தெம்பும் இருக்க வேண்டும். ஃபைப்ரோஸிஸில் இந்த இரண்டும் சேர்ந்திருக்கும் காலம் குறுகியது. சில நாட்களிலேயே மூச்சு சட்டென்று மோசமாகிவிடலாம். அதனால்தான் நோய் உறுதியானவுடனேயே மாற்று சிகிச்சைக் குழுவிடம் அனுப்பிவிடச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். போய்ப் பார்ப்பதால் உடனே அறுவை என்றாகிவிடாது. இப்போது தேவையில்லை, சில மாதம் கழித்து வாருங்கள் என்று சொன்னாலும் லாபம்தான், அவர்களிடம் அப்பாவின் இன்றைய அளவுகள் இருக்கும்.

பட்டியலில் ஏறிய பிறகும் காத்திருக்க வேண்டும். இரத்த வகை பொருந்த வேண்டும், மார்புக்கூட்டின் அளவு பொருந்த வேண்டும். தொற்றோ வீக்கமோ வந்து பல கொடையாளர்களின் நுரையீரல் பயன்படாமலே போகிறது. அக்காவை இரண்டு முறை நள்ளிரவில் அழைத்து, எல்லாம் தயார் செய்த பிறகு, "நுரையீரல் சரியில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறைதான் நடந்தது.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நரம்புகள் துண்டிக்கப்படுவதால் புது நுரையீரலில் சளி சேர்ந்தாலும் இருமல் தானாக வருவதில்லை. அக்கா நேரம் வைத்து இருமிப் பழகினாள். புது நுரையீரலை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்குவதை, அதாவது நிராகரிப்பை, தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தவறவே கூடாது. அதனால் கை நடுங்கும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். தினமும் காலையில் மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதிக் குறித்துக்கொள்கிறாள். பத்து சதவீதம் குறைந்தால் உடனே குழுவுக்குப் போன். ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்று உள்ளே போய் வரும் உறுப்பு என்பதால் தொற்றும் நிராகரிப்பும் மற்ற பல மாற்று உறுப்புகளைவிட இதில் அதிகம்.

1963இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி செய்த முதல் நுரையீரல் மாற்றில் நோயாளி 18 நாள்தான் இருந்தார். 1983இல் கனடாவின் டொராண்டோவில் அறுவை மருத்துவர் ஜோயல் கூப்பரின் குழு செய்ததுதான் முதல் நீண்டகால வெற்றி. அந்த நோயாளிக்கும் ஃபைப்ரோஸிஸ்தான், ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று உலக அளவில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆறு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். சிறுநீரகம், இதயம் அளவுக்கு இல்லை. நாள்பட்ட நிராகரிப்பு சிறு மூச்சுக்குழாய்களை மெல்ல அடைத்துவிடுவதே முக்கியக் காரணம். அக்காவுக்கு இது ஐந்தாவது ஆண்டு. ஆக்சிஜன் இல்லாமல் மாடி ஏறுகிறாள்.

அப்பா மனம் உடைவார் என்று நீங்கள் பயப்படுவதுபோல, அக்கா விஷயத்தில் எங்களுக்கும் பயம் இருந்தது. கடைசியில் விஷயத்தைச் சொன்னபோது அக்கா, "இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று எங்களைத்தான் கோபித்துக்கொண்டாள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மாற்று சிகிச்சைக் குழுவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை எங்கே தொடங்கலாம் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.